1 டிபி டிஸ்க் ஏன் 931 காட்டுகிறது? 1000க்கும் 1024க்கும் நடுவில் மாட்டாமல் கணக்குப் போடுவது எப்படி

புது ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டரில் செருகியதும் முதலில் கண் போவது அதன் அளவு மேல்தான். உறையில் 1 டிபி என்று அச்சடித்திருக்கும், விண்டோஸில் 931 ஜிபி என்று வரும். கிட்டத்தட்ட 70 ஜிபியைக் காணோம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், ஃபார்மேட் செய்ததில் போயிருக்கும் என்று தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே சரியில்லை. அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஒரே குவியலை இரண்டு பேர் இரண்டு வேறு படியால் அளந்திருக்கிறார்கள், ஆனால் இரண்டு படிக்கும் ஜிபி என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள்.

இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவுக்காக இல்லை. டிஸ்க்கை குளோன் செய்யும்போது (அப்படியே இன்னொன்றில் நகலெடுக்கும்போது), அதைப் பார்ட்டிஷன் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, பேக்கப்புக்கு இடம் ஒதுக்கும்போது இந்தக் கணக்கு உதைத்தால் பல மணி நேர வேலை வீணாகும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் பைட்டைப் பாருங்கள்

எந்தக் குழப்பம் வந்தாலும் நான் செய்கிற முதல் வேலை, ஜிபியையும் டிபியையும் ஒதுக்கிவிட்டு முழு பைட் எண்ணிக்கையைத் தேடுவது. அதில் 1000, 1024 என்ற தகராறே கிடையாது. விண்டோஸில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஒரே வரியில் இரண்டு எண் இருக்கும்: நீளமாக பைட் கணக்கு, பக்கத்தில் சுருக்கமாக ஜிபி. பெரும்பாலானவர்கள் சுருக்கமான எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விடை இருப்பது நீளமான எண்ணில்தான்.

1 டிபி என்று விற்கிற டிஸ்க்குகளில் பெரும்பாலும் 1,953,525,168 செக்டார்கள் (டிஸ்க்கின் இடத்தைப் பிரித்திருக்கும் சின்னத் துண்டுகள்) இருக்கும், ஒவ்வொன்றும் 512 பைட் என்ற கணக்கில். பெருக்கினால் 1,000,204,886,016 பைட். திரையில் மூன்று மூன்று இலக்கமாகக் காற்புள்ளி போட்டுக் காட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது: வலது பக்கத்திலிருந்து மூன்று காற்புள்ளியைத் தாண்டினால் இடது பக்கம் மிச்சம் இருப்பது அப்படியே ஆயிரம் கணக்கு ஜிபி. இங்கே 1,000. உறையில் போட்டது பொய் இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். நம் பழக்கப்படி சொன்னால் ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட், ஒரு டிபி என்பது 1 லட்சம் கோடி பைட்.

விண்டோஸ் அந்த எண்ணை 100 கோடியால் வகுப்பதில்லை. 1024ஐ மூன்று முறை பெருக்கி வருகிற 1,073,741,824ஆல், அதாவது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824ஆல் வகுக்கிறது. வகுத்துப் பாருங்கள், 931.51 வரும். இப்படி வகுப்பதில் தவறில்லை, வகுத்து வந்த விடைக்குப் பக்கத்தில் ஜிபி என்று எழுதுவதுதான் பிரச்சினை.

இரண்டு படி எப்படி வந்தது

மெமரி சிப்புக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியைக் கொண்டுபோகிற கம்பிகள் ஒவ்வொன்றும் 0 அல்லது 1 என்ற நிலையில்தான் இருக்க முடியும். கம்பி ஒன்று கூடினால் முகவரிகள் இரட்டிப்பாகும். 10 கம்பி இருந்தால் 1024 முகவரி, 20 இருந்தால் 10,48,576. சரியாக ஆயிரம் முகவரி உள்ள மெமரியைச் செய்வது சாத்தியம்தான், ஆனால் கம்பிகள் கொடுக்கிற 24 முகவரிகளைச் சும்மா வீணடிக்க வேண்டியிருக்கும். அதனால் மெமரி எப்போதும் இரண்டின் அடுக்குகளில் வளர்ந்தது. 1024 கிட்டத்தட்ட ஆயிரம்தானே என்று அதற்கு கிலோ என்ற பெயரைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் காலத்து அளவுகளுக்கு 2.4 சதவீத வித்தியாசம் யாரையும் உறுத்தவில்லை.

டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயமே இல்லை. எத்தனை தட்டு, ஒரு தட்டில் எத்தனை வட்டம், ஒரு வட்டத்தில் எத்தனை செக்டார் என்பதெல்லாம் பொறியியல் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அந்த எண்ணாக இருக்கும். 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கின் கொள்ளளவையே 50 லட்சம் எழுத்து என்றுதான் சொன்னார்கள். டிஸ்க் தயாரிப்பாளர்கள் திருடுவதற்காக ஆயிரம் கணக்குக்கு மாறினார்கள் என்று சொல்வார்கள், நான் அதை ஏற்கவில்லை. ஆயிரம் என்பது அவர்களுக்கு ஆரம்பத்திலேயே இயல்பான கணக்கு. உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் '1 ஜிபி = 100 கோடி பைட்' என்கிற பொருளில் ஒரு வரி இருக்கிறதே, அது அமெரிக்காவில் நடந்த வழக்குகளுக்குப் பிறகு இன்னும் பளிச்சென்று இடம்பிடித்தது.

ரொம்பச் சிக்கலான உதாரணம் 1.44 எம்பி ஃப்ளாப்பி. அதில் 2880 செக்டார், மொத்தம் 14,74,560 பைட். ஆயிரம் கணக்கில் 1.47, 1024 கணக்கில் 1.41. அப்புறம் 1.44 எங்கிருந்து வந்தது? ஒரு முறை 1024ஆல் வகுத்து 1440 ஆக்கி, அடுத்த முறை 1000ஆல் வகுத்திருக்கிறார்கள். இரண்டு படியையும் கலந்து செய்த மூன்றாவது படி அது.

பெயர்கள், தமிழில் வருகிற கூடுதல் சிக்கல்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரில் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களை ஏற்றுக்கொண்டது. கிலோ, மெகா, ஜிகா, டெரா ஆகியவற்றின் முதல் பாதியை எடுத்து, இருமம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் ஓசையான 'பி'யை ஒட்டினார்கள். நல்ல யோசனை. ஆனால் தமிழில் எழுதிப் பாருங்கள், கிலோவுக்கான 'கிபி'யும் ஜிகாவுக்கான 'கிபி'யும் ஒரே மாதிரி வந்து நிற்கும், நம் எழுத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் ஒரே 'கி'தானே. சரி, ஜிகாவில் உள்ள ஜியை வைத்துக்கொள்ளலாம் என்றால் அது 'ஜிபி' ஆகி, எந்தச் சொல்லிலிருந்து பிரிக்க நினைத்தோமோ அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு 'கி.பி.' என்றால் நமக்கு ஆண்டுக்கணக்கு.

அதனால் நான் சுருக்கத்தை அப்படியே எழுத்து எழுத்தாக எழுதிவிடுகிறேன். ஆயிரம் கணக்குக்கு கேபி, எம்பி, ஜிபி, டிபி. 1024 கணக்குக்கு நடுவில் ஓர் 'ஐ' சேர்த்து கேஐபி, எம்ஐபி, ஜிஐபி, டிஐபி. இனி இந்தக் கட்டுரையில் ஜிபி என்றால் 100 கோடி பைட்தான், ஜிஐபி என்றால் 107 கோடி சொச்சம்தான். குறிப்புகள் எழுதும்போது நீங்களும் ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு மாறாமல் எழுதுங்கள், ஆறு மாதம் கழித்துப் படிக்கப்போவது நீங்கள்தான்.

மாற்றும் கணக்கு

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது நான்கே எண்கள். 1024 படி ஆயிரம் படியைவிட எவ்வளவு பெரியது என்று பார்த்தால் கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் 10. ஒவ்வொரு படியிலும் 1024ஐ இன்னொரு முறை பெருக்குவதால் இடைவெளி வட்டிக்கு வட்டி போல ஏறிக்கொண்டே போகிறது. முன்பு பொருட்படுத்தாமல் விட்ட வித்தியாசம் இன்று பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், டிஸ்க்குகள் மெகாவிலிருந்து டெராவுக்கு வந்துவிட்டன.

உறையில் இருக்கிற ஜிபியை விண்டோஸ் எவ்வளவு என்று காட்டும் எனத் தெரிய 0.931ஆல் பெருக்குங்கள். டிபியிலிருந்து டிஐபிக்கு 0.909. அப்படிப் பார்த்தால் 128 ஜிபி 119 ஆகும், 256 என்பது 238, 500 என்பது 465, 512 என்பது 476, 2 டிபி என்பது 1.81. கால்குலேட்டர் இல்லாமல் சட்டென்று பார்க்க ஜிபியில் 7 சதவீதம் கழியுங்கள், டிபியில் 9 சதவீதம் கழியுங்கள். எதிர்த் திசையில் போனால், ஜிஐபியிலிருந்து ஜிபிக்கு வர 1.074ஆல் பெருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: போகும்போது 7 கழித்தோம், வரும்போதும் அதே 7 கூட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். தோராயத்துக்கு அது பரவாயில்லை. டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் எழுதும் வேலைக்கு ஆகாது.

விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரம் பழகியவர்களுக்கு ஒரு வசதி. அதில் 1 போட்டு ஒட்டினாற்போல ஜிபி என்ற சுருக்கத்தை ஆங்கிலத்தில் தட்டினால் 1073741824 என்று விடை வரும். முழு பைட் எண்ணை எழுதி, வகுத்தல் குறி போட்டு, பின்னால் அதைத் தட்டினால் விண்டோஸ் காட்டப்போகிற எண் அப்படியே கிடைத்துவிடும்.

எது எந்தக் கணக்கில் பேசுகிறது

ரேம் எப்போதும் 1024 கணக்கு. உறையில் 8 ஜிபி என்று போட்டிருந்தாலும் அது 8 ஜிஐபி, அதாவது 8,589,934,592 பைட். மெமரித் துறைக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு பழைய பெயரையே தொடர்ந்து அனுமதிக்கிறது, அதனால் அங்கே 'ஐ' வராது. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் ஆயிரம் கணக்கு. டிவிடியும் அப்படியே: 4.7 ஜிபி டிவிடியில் விண்டோஸ் கணக்குப்படி 4.38தான் இருக்கும், அதனால் விண்டோஸில் 4.5 என்று காட்டுகிற ஃபைல் அதில் கொள்ளாது. ஆனால் 700 எம்பி சிடி மட்டும் 1024 கணக்கு. ஏன் இப்படி மாறி மாறி இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இயங்குதளங்களில் விண்டோஸ் 1024ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்று எழுதுகிறது. மேக் 2009இல் வந்த ஸ்நோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது, அதனால் அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே வரும். ஆண்ட்ராய்டும் 8ஆம் பதிப்பிலிருந்து ஆயிரம் கணக்குதான். ஒரே பென் டிரைவ் ஒரு கம்ப்யூட்டரில் 29.8, இன்னொன்றில் 32 என்று காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

லினக்ஸில் கட்டளைக்குக் கட்டளை மாறும். டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளையோடு சின்ன எச் போட்டால் 1024 கணக்கு, பெரிய எச் போட்டால் ஆயிரம் கணக்கு. லினக்ஸில் அடிப்படையாக வரும் ஜிஎன்யூ கட்டளைகளுக்கு அளவு கொடுக்கும்போது ஒரு விதி உண்டு, அது ரொம்ப முக்கியம்: வெறும் 'ஜி' என்று ஒற்றை எழுத்துக் கொடுத்தால் 1024 கணக்கு, 'ஜிபி' என்று இரண்டெழுத்துக் கொடுத்தால் ஆயிரம் கணக்கு. பி ஒன்று கூடினால் அளவு குறைகிறது. முதல் முறை இதைப் படித்தபோது நான் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டேன். பார்ட்டிஷன் பிரிக்கும் பார்ட்டட் நிரலில் ஜிபி என்றால் ஆயிரம், ஜிஐபி என்றால் 1024, அங்கே பெயரும் பொருளும் ஒத்துப்போகின்றன.

எனக்கு நடந்தது

ஒரு மெய்நிகர் கணினியின் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரின்) டிஸ்க்கை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. பழைய இடத்தில் அளவு '100 ஜி'. புது இடத்தில் வால்யூம், அதாவது டிஸ்க் போலப் பயன்படும் இடம், உருவாக்கும் பக்கத்தில் 100 என்று கொடுத்தேன், பக்கத்தில் ஜிபி என்று இருந்தது, நூறுக்கு நூறு சரியாகப் போயிற்று என்று டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையால் நேராக வால்யூம் மேலேயே எழுத விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இடம் போதவில்லை என்று நின்றிருந்தது. புது இடத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி ஓட விட்டேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

அதன் பிறகுதான் டிடி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வரியை நிதானமாகப் படித்தேன். 100000000000 பைட், அடைப்புக்குள் 100 ஜிபி, 93 ஜிஐபி. விஷயம் முழுக்க அந்த ஒரு வரியிலேயே இருந்தது. பழைய டிஸ்க் 100 ஜிஐபி, அதாவது 107,374,182,400 பைட். புது வால்யூம் சரியாக 10,000 கோடி பைட். எழுதாமல் நின்றது 737 கோடி பைட், டிஸ்க்கின் கடைசிப் பகுதி. இரண்டு ராத்திரி போனதற்குக் காரணம் ஒற்றை எழுத்து.

அன்றிலிருந்து குளோன் செய்யும் முன் இரண்டு பக்கத்திலும் பைட் எண்ணிக்கையை எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி ஒப்பிடுகிறேன். போய்ச் சேர்கிற இடம் ஒரு செக்டார்கூடக் குறைவாக இருக்கக் கூடாது. இரண்டு டிஸ்க்கிலும் 1 டிபி என்று போட்டிருந்தாலும் பைட் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். எஸ்எஸ்டிகளில் 960, 1000, 1024 என்று மூன்று அளவுகள் உண்டு, பேச்சில் மூன்றையுமே ஒரு டிபி என்றுதான் சொல்கிறோம். 1024 ஜிபியிலிருந்து 1000 ஜிபிக்குக் குளோன் செய்யப் போனால் சுமார் 2400 கோடி பைட் இடிக்கும்.

அன்றாட வேலைகளில்

விண்டோஸில் பார்ட்டிஷனைச் சுருக்கும்போது அளவை எம்பியில் கேட்கும், அது 1024 கணக்கு எம்பி. சரியாக 100 என்று காட்டும் பார்ட்டிஷன் வேண்டுமானால் 102400 கொடுங்கள். 100000 கொடுத்தால் 97.65 என்று வந்து நிற்கும்.

கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்ய, அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்து அணைக்க, ஸ்வாப் என்ற டிஸ்க் பகுதியை ஒதுக்கும்போது ரேமுக்குச் சமமாக வைக்க நினைப்பீர்கள். 16 ஜிபி ரேம் என்பது ஆயிரம் கணக்கில் 17.18 ஜிபி. பார்ட்டிஷன் நிரலில் 16 ஜிபி கொடுத்தால் அது ரேமைவிடச் சின்னது.

எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் ஒரு ஃபைல் அதிகபட்சம் 4,294,967,295 பைட் இருக்கலாம், 4 ஜிஐபிக்கு ஒரு பைட் குறைவு. மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டுகிற வீடியோ அதில் போகும். விண்டோஸில் 4.2 காட்டினால் போகாது.

இணைய வேகம் பைட் இல்லை, பிட், அதுவும் ஆயிரம் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. விண்டோஸில் 10 ஜிபி என்று காட்டுகிற ஃபைல் 1074 கோடி பைட், அதை இறக்க மிகக் குறைந்தது 859 நொடி ஆகும். பத்தை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டால் 800 நொடிதான் வரும். நடைமுறையில் இதற்கு மேலும் கொஞ்சம் ஆகும்.

நிரல் எழுதுகிறவர்கள் உள்ளே எல்லாவற்றையும் பைட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள், திரையில் காட்டும் கடைசி இடத்தில் மட்டும் வகுங்கள், எதனால் வகுத்தீர்களோ அதற்குரிய பெயரையே போடுங்கள். சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் மெமரி அளவு கொடுக்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பெரிய எம் என்றால் ஆயிரம் கணக்கு, எம்முக்குப் பின்னால் ஐ சேர்த்தால் 1024 கணக்கு, சின்ன எம் போட்டுவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். 400க்குப் பின்னால் சின்ன எம் போட்டால் நீங்கள் கேட்பது அரை பைட்கூட இல்லை.

அலகு மட்டும்தான் காரணமா?

எல்லாக் குறைவையும் 1024 தலையில் கட்டிவிடக் கூடாது. மடிக்கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்து சி டிரைவ் 455 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 512ஐ 0.931ஆல் பெருக்குங்கள், 476 வரும். அலகினால் வந்த வித்தியாசம் அதோடு முடிந்தது. மீதி 21 உண்மையிலேயே வேறு எங்கோ இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ரெக்கவரி பார்ட்டிஷன், பூட் பார்ட்டிஷன் எல்லாம் தனித்தனிக் கட்டங்களாகத் தெரியும், கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

லினக்ஸில் இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்தால் வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (கணினியின் நிர்வாகிக்கென்று) ஒதுக்கி வைக்கும். மொத்தம், பயன்படுத்தியது, காலி என்ற மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெறும் தகவல்களை வைத்திருக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம், 1 டிபி டிஸ்க்கில் அப்படியே 40 ஜிபி திரும்பக் கிடைக்கும். இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள், இடம் முழுக்க நிரம்பிவிட்டாலும் உள்ளே நுழைந்து சரிசெய்ய அந்த ஒதுக்கீடுதான் உதவும்.